கரைக்கிட்ட வர்ற ப்ளூஃபின் கடிக்கலைன்னா, வயிறு நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ப்ளூஃபின் சூரை பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரையை ஒரே மூச்சுல படிச்சேன். தமிழ்ல இந்த மீனைப் பத்தி யாராவது அரைப் பக்கம் எழுதுனாலே எனக்கு சந்தோஷம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா அதுல ஒரு வரி மட்டும் உறுத்திக்கிட்டே இருக்கு. கரைக்கிட்ட வர்ற ப்ளூஃபின் ஏற்கனவே வயிறு முட்ட தின்னுட்டு வருது, அதனாலதான் தூண்டிலைத் தொட மாட்டேங்குதுன்னு எழுதியிருந்தீங்க. நிறைய பேர் இதையேதான் சொல்றாங்க, கை வெறுமனே திரும்புற அன்னைக்கு அப்படி நினைச்சுக்கறது ஒரு ஆறுதல். ஆனா கண்ணுக்கு முன்னாடி நடக்கிறது வேற. பறவைங்க மேல இருந்து விழுந்து விழுந்து எந்திரிக்குது, தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கு, நூறு கிலோ மீன் முழு உடம்பையும் வெளிய காட்டிட்டு விழுது, அது அப்போ தின்னுக்கிட்டுதான் இருக்கு. நாம போடுறதை மட்டும்தான் வேணாங்குது. இது ரெண்டும் ஒண்ணு இல்ல, இதைப் பிரிச்சுப் பாக்கலைன்னா நாள் பூரா கூட்டத்தைத் துரத்திட்டு மீனைக் குறை சொல்லிக்கிட்டே கரைக்கு வர வேண்டியதுதான்.

அது கரைக்கிட்ட வர்றதே சாப்பாட்டுக்காகத்தான். ப்ளூஃபின் மத்த மீன் மாதிரி குளிர்ந்த ரத்தம் இல்ல, நீந்தும்போது தசையில உண்டாகிற சூட்டை செவுள் வழியா வெளிய விடாம, எதிரெதிரா ஓடுற மெல்லிசு ரத்தக்குழாய்ங்க மூலமா உடம்புக்குள்ளயே திருப்பி அனுப்பிக்கும், தசை மட்டும் இல்ல கண்ணும் மூளையும் கூட சுத்தியிருக்கிற தண்ணியை விட சூடா இருக்கும். அதனால மத்த சூரைங்க எட்டிப் பாக்காத குளிர்ந்த கரையோரத் தண்ணியிலயும் கோடைக்காலத்துல வந்து மேயும். மாசசூசெட்ஸ் பக்கம் கேப் காட் விரிகுடா, அதுக்கு வெளிய ஸ்டெல்வேகன் பேங்க்ங்கற கடலடி மேடு, கனடாவுல நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, பசிபிக் பக்கம் கலிஃபோர்னியாவுல சான் டியேகோ, அயர்லாந்துல டோனிகல், இங்கிலாந்துல கார்ன்வால், எல்லா இடத்துலயும் கதை ஒண்ணுதான், பொடி மீன் எங்க கூடுதோ அங்க ப்ளூஃபின் வரும். ரீல் வெச்ச தூண்டில் கம்பியில பிடிச்சதுலயே பெரிய ப்ளூஃபின், 1979-ல பிடிச்ச 1,496 பவுண்டு மீன், கிட்டத்தட்ட 679 கிலோ, அது நோவா ஸ்கோஷியாவுல ஆல்ட்ஸ் கோவ் பக்கம் கிடைச்சது. நடுக்கடலுக்குப் போனாத்தான் பெருசு கிடைக்கும்னு நினைக்கிறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

இப்போ இந்தக் கூட்டம் முன்னை விட அதிகமா கண்ணுல படுதுன்னா அது சும்மா நடக்கல. பசிபிக் ப்ளூஃபின் ஒரு காலத்துல, மீன்பிடியே இல்லாம இருந்திருந்தா இருந்திருக்கக்கூடிய அளவுல வெறும் ரெண்டு சதவீதத்துக்கிட்ட வரைக்கும் இறங்கிடுச்சு, பல நாடு சேர்ந்து கட்டுப்பாடு போட்ட பிறகு 2024-ல வந்த மதிப்பீட்டுல 20 சதவீதங்கற இலக்கைத் தாண்டிடுச்சுன்னு தெரிஞ்சது, குறிச்ச கெடுவுக்குப் பல வருஷம் முன்னாடியே. அட்லாண்டிக் ப்ளூஃபினை 2021-ல இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐயுசிஎன் ஆபத்துல இருக்கிற பட்டியல்ல இருந்து எடுத்தாங்க, ஆனா மேற்கு அட்லாண்டிக் பக்கம் 1970-கள்ல இருந்த அளவுக்கு இன்னும் வரலைன்னும் அவங்களே சொல்லியிருக்காங்க. மீன் திரும்பி வந்தா போட்டும் பின்னாடியே வருது. எல்லாரும் ஒரே விரிகுடாவுல ஒரே பறவைக் கூட்டத்தைப் பாத்து முடுக்குறாங்க. பாதி நாள் மீன் கடிக்காம போறதுக்குக் காரணம் இதுதான்னு நான் உறுதியா நம்புறேன்.

போட் சத்தத்தைப் பத்தி இத்தாலி ஆராய்ச்சியாளர்கள் சிசிலி பக்கம் ஒரு வேலை செஞ்சிருக்காங்க, அங்க கரையோரமா பெரிய வலை அறை கட்டி ப்ளூஃபினைப் பிடிக்கிற பழைய முறை உண்டு, அந்த அறைக்குள்ள இருந்த மீனுங்க பக்கத்துல போட் வரும்போது என்ன பண்ணுதுன்னு கவனிச்சு 2007-ல வெளியிட்டாங்க. சத்தம் வந்ததும் ஒழுங்கா ஒரே பக்கமா நீந்திட்டு இருந்த கூட்டம் கலைஞ்சிருக்கு, திசை மாறியிருக்கு, சிலது மேல சிலது அடியிலன்னு போயிருக்கு. ஒழுங்கு போன கூட்டம் சேர்ந்து வேட்டையாடாது. இந்த மீன் இரையை நாலு பக்கமும் வளைச்சு மேல தள்ளித் தின்னுற மீன், வளைச்சு நிக்கிறதையே நாம கலைச்சுட்டா பொடி மீன் சிதறிடும், சூரை அடியில போயிடும், நாம இன்னொரு பறவைக் கூட்டத்தைத் தேடி இன்ஜினை இன்னும் முடுக்குவோம், இப்படியே மதியம் ஆயிடும்.

அதனால கூட்டம் எந்தப் பக்கம் நகருதுன்னு முதல்ல கொஞ்ச நேரம் பாருங்க. கையில கம்பியை எடுக்காதீங்க, வெறுமனே பாருங்க. பறவைங்க முகம் எந்தப் பக்கம் இருக்கு, மீன் எகிறி எந்தப் பக்கமா விழுது, அடுத்த தடவை எவ்ளோ தூரம் தள்ளி மேல வருது, இதெல்லாம் கொஞ்ச நேரம் கவனிச்சாலே ஒரு கணக்கு பிடிபடும். பிடிபட்டதும் கூட்டத்தைச் சுத்தி ரொம்ப அகலமா வளைஞ்சு, அது போற பாதைக்கு முன்னால, காத்து நம்மள மெதுவா அது பக்கம் தள்ளுற மாதிரி ஒரு இடத்துல நில்லுங்க. அங்க போய் சேர்ந்த பிறகு கியரைப் போட்டு எடுத்து போட்டு எடுத்து சரி பண்ணிக்கிட்டே இருக்கக் கூடாது, சீரா ஓடுற சத்தத்தை விட மாறி மாறி வர்ற சத்தம்தான் அதை மிரட்டும்னு எனக்குப் படுது. தளத்துல எதையும் தொப்புன்னு போடாதீங்க, ஓடாதீங்க. கூட்டம் நம்மளைத் தேடி வரட்டும். வரலைன்னா வரல, அது அடுத்து எங்க மேல வருதுன்னு பாத்து மறுபடி அதே அகல வளைவு. துரத்துறவங்களை விட காத்திருக்கிறவங்களுக்கு தூண்டில் வீசுற வாய்ப்பு குறைச்சல்தான், ஆனா ஒவ்வொரு வீச்சும் மிரளாம தின்னுக்கிட்டிருக்கிற மீன் முன்னால விழும், அதுதான் வேணும். இன்னொருத்தர் ஏற்கனவே அப்படி நின்னுட்டிருந்தா அவருக்கும் கூட்டத்துக்கும் நடுவுல மட்டும் புகுந்துடாதீங்க, அதை விட மோசமான காரியம் கடல்ல இல்ல.

அடுத்தது இரையோட அளவு. ஸ்டெல்வேகன் பக்கம் சேண்ட் ஈல்னு ஒரு மீன் மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கும், பென்சில் மாதிரி மெல்லிசு, அஞ்சாறு இன்ச் இருக்கும், அதையே ஹம்ப்பேக் திமிங்கலமும் வாய் நிறைய அள்ளுது, ப்ளூஃபினும் தின்னுது. இவ்ளோ பெரிய சூரை ஏன் இவ்ளோ பொடியைத் தின்னுதுன்னு கேப்பாங்க, நிறைய இருக்கு, சுலபமா கிடைக்குது, அவ்ளோதான். அப்படி ஒரே உருவத்தை ஆயிரக்கணக்குல பாத்துத் தின்னுக்கிட்டிருக்கிற நேரத்துல நாம பளபளன்னு தடியா ஒரு லூரை, அதாவது செயற்கை இரையை, நடுவுல இழுத்தா அது கண்ணுல இரையாவே படாது. கண்ணுதான் இதோட பெரிய ஆயுதம். அதனால மெல்லிசா நீளமா எடை இல்லாத ரப்பர் இரை, இல்ல குச்சி மாதிரி ஒல்லியான ஸ்டிக்பெய்ட் லூர், இல்ல அமிழ்ந்து இறங்குற சின்ன உலோக லூரான ஜிக், தின்னுற இரையோட நீளத்துக்குச் சமமா. கூட்டத்தோட நடுவுல வீசாதீங்க, முன்னால போற மீனுக்கும் முன்னால வீசி, விழுந்ததும் இழுக்க அவசரப்படாம கொஞ்சம் அமிழ விட்டு, அடிபட்ட பொடி மீன் துடிக்கிற மாதிரி ரெண்டு தட்டு, ஒரு நிறுத்தம். பல கடி அந்த நிறுத்தத்துலதான் விழும். வேகமா சுத்துனா வேட்டைக்குணம் தூண்டும்னு சொல்றவங்க இருக்காங்க, பெரிய இரையைத் தின்னுற நாள்ல அது சரி, பொடி தின்னுற நாள்ல எனக்கு மெதுவா இழுக்கிறதுதான் கை கொடுத்திருக்கு.

மேல எகிறுறதையே பாத்துட்டு இருக்காம அடியையும் நினைச்சுக்கணும். மேல ஆர்ப்பாட்டம் பண்றது அநேகமா சின்னது, பெருசுங்க பல நேரம் அடியில நின்னு, மேல இருந்து சிதறி இறங்குற காயம்பட்டதைப் பொறுக்கிக்கிட்டிருக்கும். அடியில இருக்கிற மீனை சத்த அலையால காட்டுற எக்கோ சவுண்டர்ல நடுத்தண்ணியில கோடு விழுந்தா மேல வீசுறதை நிறுத்திட்டு ஜிக்கை நேரா கீழ இறக்குங்க. மேல இருக்கிற நூறு பேர் தொடாத லூரை அடியில இருக்கிற ஒண்ணு தொடும், ஏன்னா அங்க போட்டி கம்மி, பொடி மீனும் கம்மி.

உயிர் இரை போடுறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. இரை நல்ல உயிரோட இருக்கணும், செதில் போனது, மூக்கு சிவந்தது, தொட்டியில சோர்ந்து சுத்துறது எதுவும் வேணாம். கையை நனைச்சுட்டுப் பிடிங்க. தூண்டில் முள் இரையோட அளவுக்குத் தக்க சின்னதா இருக்கட்டும், பெரிய மீனுக்குப் பெரிய முள்ளுன்னு மாட்டுனா மத்தி சுமை தாங்காம ஒரு பக்கமா சாஞ்சு நீந்தும், சூரை அதைப் பாத்துட்டு விலகிடும். ரீலை எந்தத் தடையும் இல்லாம சுத்த விட்டுடணும், இரை போட்டை விட்டு தானா ஓடணும், நூல் ஒரு துளி இழுத்தாலும் அது நீந்துற விதமே மாறிடும். கலிஃபோர்னியா பக்கம் பட்டம் விட்டுப் பிடிக்கிறாங்க, கோலா மீனைப் பட்டத்து நூல்ல தொங்கவிட்டு தண்ணி மேல மட்டும் தட்டித் தட்டி ஓட விடுவாங்க, விளையாட்டு மாதிரி தெரியும், ஆனா அதுல ஒரு பெரிய சூட்சமம், லீடர், அதாவது முள்ளுக்கு முன்னால கட்டுற கடைசி நூல், தண்ணிக்குள்ளயே இருக்காது. மீன் பாக்க நூலே இல்ல. நூல் கண்ணுல படுறதுதான் தகராறுன்னா அதுக்கு இதை விட நேரான பதில் கிடையாது.

மீனை வெட்டித் துண்டு துண்டா தண்ணியில போட்டு சூரையை வரவழைக்கிறதுல ஒரு நுணுக்கம் இருக்கு, இதை யாரும் எழுதி நான் பாக்கல. நாம வீசுற சும்மாத் துண்டுங்க ஒரு வேகத்துல அமிழும், முள்ளு மாட்டுன துண்டு முள்ளோட எடையால கொஞ்சம் வேகமா அமிழும், அந்தச் சின்ன வித்தியாசம் போதும், மத்ததெல்லாம் தின்னுட்டு நம்மளதை மட்டும் சுத்திப் பாத்துட்டு விட்டுடும். முள்ளைத் துண்டுக்குள்ள மறைச்சு, அந்த எடையைச் சரிக்கட்ட துளியூண்டு தக்கையோ தெர்மோகோலோ உள்ள செருகி, நூலைக் கையால தளர்த்தித் தளர்த்தி விட்டுக்கிட்டே இருந்தா எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இறங்கும். பொறுமை வேணும். கை வலிக்கும். ஆனா கடிக்காத மீன் கடிக்கிறதை இதுல நிறைய பேர் பாத்திருப்பாங்க.

இனிதான் நான் இந்தக் கடிதம் எழுதுனதுக்கே காரணமான விஷயம். மீன் கடிக்கலைன்னதும் எல்லாரும் சொல்ற ஒரே வைத்தியம், தங்கூஸை, அதாவது தூண்டில் நூலை, மெல்லிசாக்கு. உங்க கட்டுரையும் அதைத்தான் சொல்லுது. ஃப்ளூரோகார்பன்ங்கற பிளாஸ்டிக் நூல்ல லீடர் கட்டுனா வித்தியாசம் தெரியும், அதுல சந்தேகம் இல்ல, அதோட ஒளிவிலகல் எண் சுமார் 1.42, தண்ணியோடது 1.33, சாதா நைலான் இன்னும் மேல போயிடும், அதனால தண்ணிக்குள்ள ஃப்ளூரோகார்பன் கம்மியாத் தெரியும். எண்பது பவுண்டு இழுப்பைத் தாங்குற நூல்ல இருந்து நாற்பதுக்கு இறங்குனா கடி கூடும், முப்பதுக்கு இறங்குனா இன்னும் கூடும். சரி, கடிச்ச பிறகு?

ப்ளூஃபின் நின்னு மூச்சு விட முடியாத மீன். வாயைத் திறந்துக்கிட்டு முன்னால போய்க்கிட்டே இருந்தாத்தான் செவுள்ல தண்ணி ஓடும். அதோட சூட்டை உள்ளயே வெச்சுக்கிற உடம்பு. அதை மெல்லிசு நூல்ல மணிக்கணக்கா இழுத்துக்கிட்டே இருந்தா தசை சூடேறும், லாக்டிக் அமிலம் ஏறும், கடைசியில பக்கத்துல வரும்போது அது பாதி செத்த மீன். விட்டாலும் பிழைக்குமான்னு தெரியாது. நூல் அறுந்துடுச்சுன்னா வாயில முள்ளோட, பின்னாடி மீட்டர் கணக்குல நூலை இழுத்துக்கிட்டு போகும். கடிக்க வைக்கிறதுக்காக நூலை மெல்லிசாக்கி அப்புறம் மீனைக் கொல்றதுல எனக்கு எந்தப் பெருமையும் தெரியல. அது எவ்ளோ பெரிய மீனா இருந்தாலும் சரி.

என் கருத்து, கடைசி ரெண்டு மூணு மீட்டர் லீடரை மட்டும் மெல்லிசாக்குங்க, கம்பி, ரீல், பிரெய்டுங்கற பின்னல் நூல் எல்லாம் பெரிய மீனுக்கு ஏத்த பலத்துலயே இருக்கட்டும். நூறு கிலோ மீன் சுத்துற இடத்துல முப்பது பவுண்டு லீடர் போடவே கூடாது, அங்க அன்னைக்குக் கடிக்கலைன்னா கடிக்கலைன்னு விட்டுடணும். லீடரை ஒரு படி இறக்குறதுக்கு முன்னாடி மத்தது எல்லாத்தையும் மாத்திப் பாருங்க, முள்ளைச் சின்னதாக்குங்க, நூல் முறுக்கிக்காம இருக்க மாட்டுற உலோக சுவிவலை எடுத்துட்டு பிரெய்டையும் லீடரையும் எஃப்ஜிங்கற மெல்லிசு முடிச்சுல நேரா கட்டுங்க, பளபளக்கிற எந்த உலோகமும் இரைக்குப் பக்கத்துல இருக்க வேணாம், போட்டைத் தள்ளி நிறுத்துங்க, இன்ஜினை அணைங்க. இத்தனையும் பண்ணியிருந்தா, நாற்பது பவுண்டை எடுக்கிறவங்கள்ல பாதிப் பேர் எண்பதுலயே கடி வாங்கியிருப்பாங்க. நாளையும் பாத்துக்கணும். கண்ணாடி மாதிரி கிடக்கிற தண்ணியில உச்சி வெயில்ல மெல்லிசு நூலும் தெரியும், லேசா காத்தடிச்சு மேல்தண்ணி சிலிர்த்தா தடிச்ச நூலும் மறையும், விடியக்காலையும் சாயங்காலமும் அப்படித்தான். அந்த நேரத்தைக் கரையில தூங்கிட்டு மதியம் போய் மெல்லிசு நூல் தேடுறதுல நியாயம் இல்ல.

ரீலோட பிரேக்கான டிராக்கை மீன் மாட்டுறதுக்கு முன்னாடியே நூல் பலத்துல மூணுல ஒரு பங்குக்கிட்ட அளந்து வெச்சிருக்கணும், பதட்டத்துல நடுவுல திருகுனா அறுக்கும். முதல் ஓட்டத்தை ஓட விடுங்க, அப்புறம் விடாம அழுத்தம் கொடுங்க, நாம ஓய்வு எடுத்தா அதுவும் ஓய்வு எடுக்கும், சண்டை நீளும். விடப்போற மீன்னா மூணு கொக்கி முள்ளை எல்லாம் கழட்டிட்டு ஒத்தை முள், முள்ளுல பின்பக்கமா நீட்டிட்டு இருக்கிற பார்பை அமுக்கிட்டு, உயிர் இரைன்னா முனை உள்பக்கமா வளைஞ்ச சர்க்கிள் ஹூக். மீனை மேல ஏத்தாதீங்க. போட் பக்கத்துலயே தண்ணிக்குள்ள தலையை முன்னால வெச்சு, போட்டை மெதுவா முன்னால நகர்த்தி, அதோட வாய் வழியா தண்ணி ஓட விட்டு, வால் தானா பலமா அடிக்கிற வரைக்கும் கூடவே இருங்க. ஃபோட்டோ வேணும்னா அந்த நேரத்துலயே எடுத்துக்கலாம்.

சட்டம் இடத்துக்கு இடம் வேற. அமெரிக்காவோட அட்லாண்டிக் பக்கம் பர்மிட் வேணும், உடம்பு வளைவோட அளந்து 27 இன்ச்சுக்குக் கம்மியா இருந்தா வெச்சுக்கக் கூடாது, எத்தனை வெச்சுக்கலாங்கறது சீசன் நடுவுலயே மாறும். கலிஃபோர்னியாவுல 2015-ல இருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு. இங்கிலாந்துல 2024-ல இருந்துதான் பொழுதுபோக்கா பிடிக்கிறவங்களுக்கு பர்மிட் கொடுக்க ஆரம்பிச்சாங்க, அதுவும் பிடிச்சு விடுறதுக்கு மட்டும். போறதுக்கு முந்தின நாள் பாத்துட்டுப் போங்க.

கட்டுரைக்கு ரெண்டாம் பாகம் வருதுன்னு போட்டிருந்தீங்க. அதுல வெறும் லீடர் பவுண்டு கணக்கை மட்டும் போடாதீங்கன்னு கேட்டுக்கறேன், படிக்கிறவங்க அதை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. தொங்குற பெரிய மீன் படம் ஒண்ணு குறைஞ்சாலும் பரவாயில்ல, அந்த இடத்துல கூட்டத்தை எப்படி நெருங்கணும்னு ஒரு வரைபடம் போடுங்க, காத்து அடிக்கிற திசை, கூட்டம் போற திசை, போட் வளைஞ்சு வந்து நிக்க வேண்டிய இடம், மூணும் தெரியற மாதிரி.

இப்படிக்கு,
உங்க வாசகன்